மேனேஜரின் குட்டிகள்

எங்கள் பட்டறையில் முதலாளி என்று யாரும் கிடையாது. மேனேஜர் மட்டும் உண்டு. அவள் ஒரு நாய். சோபா தைக்கக் கொடுக்க வருகிறவர்களை வாசலில் படுத்தபடி ஒரு கண்ணைத் திறந்து ஏற இறங்கப் பார்ப்பாள். பிடித்திருந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். பிடிக்காவிட்டால் எழுந்து அவர்கள் பின்னாலேயே உள்ளே வருவாள். பேரம் பேசி உயிரை வாங்கும் ஆட்களை அவள் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. அண்ணிதான் அந்தப் பெயரை வைத்தார்.

வேலை செய்கிறவர்கள் நாங்கள் மூன்று பேர். அண்ணன் சட்டம் அடித்து, ஸ்பிரிங் கட்டி, பஞ்சு அடைப்பான். நான் துணி வெட்டித் தைப்பேன். அண்ணி முன்மேசையில் உட்கார்ந்து போனில் பேசுவார். என்னைப் பேசவிட்டால் வந்த வேலையும் போய்விடும் என்று அவருக்கு நம்பிக்கை. தப்பில்லை, எனக்கு வாய் நீளம்தான். பட்டறைக்கு மேலேயே வீடு.

மேனேஜருக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்வதா வேண்டாமா, செய்வதென்றால் எப்போது என்பதில் எனக்கும் அண்ணனுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துப்போகவில்லை.

"முதல் தடவை ஹீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே பண்ணிட்டா நல்லது. இவ சைஸுக்கு இப்பவே பண்ணலாம். தள்ளிப் போட்டா பின்னாடி மார்ல கட்டி வரலாம், கர்ப்பப்பையில சீழ் பிடிக்கலாம்" என்றார் நாய் டாக்டரம்மா.

நான் சரியென்று தலையாட்டுவதற்குள் அண்ணன் குறுக்கே விழுந்தான். "ஒரே ஒரு தடவை குட்டி போட்டுக்கட்டுமே டாக்டரம்மா. பொண்ணாப் பொறந்துட்டு அந்த சுகமே தெரியாமப் போகணுமா?"

"எந்த சுகம்?" என்றார் அண்ணி. "மூணு பெத்தவ நான் சொல்றேன். அவளுக்கு இன்னிக்கே பண்ணி விடுங்க."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. அந்த மூன்றும் வளர்ந்து ஆளுக்கொரு ஊராகப் போய்விட்டன. பேசவேண்டும் என்று தோன்றினால் போன் செய்யும். சாப்பாட்டு மேசையில் நாற்காலிகளைக் குறைக்கலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் அண்ணன் காது கேட்காதவன்போல் எழுந்து போயிருக்கிறான்.

அதற்குப் பிறகு அவன் பிடி கொடுக்கவே இல்லை. வெயில் அதிகமாக இருந்தால் காயம் ஆறாது என்பான். மழை வந்தால் மழையில் ஆறாது என்பான். அப்போது பட்டறையில் ஒரு பல் டாக்டரின் நீளமான சோபா வேறு கிடந்தது. அவருடைய காத்திருப்பு அறைக்குப் பச்சைத் துணியா நீலத் துணியா என்று அவரால் முடிவு செய்ய முடியவில்லை. பழைய துணியை உரித்துப் போட்ட சோபா, அடியில் கட்டிய கறுப்புத் துணியோடு மட்டும், மூலையில் தூசி குடித்துக்கொண்டிருந்தது. ஒரே பட்டறையில் முடிவெடுக்கத் தெரியாத இரண்டு பேரைத் தாங்கவேண்டியிருந்ததில் எனக்கு எரிச்சல் மூக்குக்கு மேல் நின்றது.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மேனேஜர் ஹீட்டுக்கு வந்துவிட்டாள். தெருவிலிருந்த ஆண் நாய்கள் அத்தனையும் எங்கள் ஷட்டருக்கு வெளியே வரிசை கட்டின. நான் அவளை மாடியில் பூட்டி வைத்து, படியில் துணி உருளையோடு காவல் உட்கார்ந்தேன். ஒரு நாயும் அவளை நெருங்கவில்லை. இதை நான் சத்தியம் செய்து சொல்வேன்.

"இப்பப் பண்ண முடியாது, ரத்தம் நிறையப் போகும். எல்லாம் அடங்கட்டும், ரெண்டு மூணு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா. அண்ணனின் முகத்தில் வெளிச்சம் வந்ததைப் பார்த்து அவனை உதைக்கலாம் போலிருந்தது.

ஹீட் அடங்கிச் சில வாரம் கழித்து, பட்டறைத் தரையில் முதல் துளியைப் பார்த்தபோது கோந்து சிந்தியிருக்கிறது என்று நினைத்தேன். குனிந்து துடைத்தேன். அது பால். துளிகள் வாசலிலிருந்து பல் டாக்டரின் சோபா வரை போயிருந்தன. மேனேஜர் அதன் அடியில் மூலையோடு மூலையாகப் படுத்து எதையோ வளைத்து அணைத்திருந்தாள். நான் எட்டிப் பார்த்தேன். அவள் வளைவுக்குள் வெறும் தரைதான் இருந்தது. அந்த வெறும் தரையை அவள் நக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மூவரும் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா வயிற்றை ஸ்கேன் செய்தார். ஒன்றும் இல்லை.

"பொய்க் கர்ப்பம். ஹீட் முடிஞ்சதும் சில நாய்களுக்கு இப்படி ஆகும். வயித்துல ஒண்ணும் இருக்காது, ஆனா உடம்பு இருக்குன்னு நம்பிடும். பால் ஊறும். பந்து, செருப்பு எது கிடைச்சாலும் குட்டின்னு நெனச்சு வளர்க்கும். அந்த மாதிரி எதையும் அவகிட்ட விடாதீங்க. மடியைத் தொடாதீங்க. குடிக்க ஆள் இல்லேன்னா பால் தானா வத்திடும். வத்தினதும் ஆபரேஷன். பால் இருக்கும்போது பண்ணா அந்த நம்பிக்கை அப்படியே தங்கிடும்" என்றார்.

அண்ணன் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான். வீட்டுக்கு வந்ததும் எங்கள் கண் முன்னாலேயே அவளுடைய ரப்பர் பந்தை எடுத்து அலமாரியில் வைத்தான்.

பால் வற்றவில்லை. வாரங்கள் போயின. மறுபடி போனபோது டாக்டரம்மா மடியை ஒவ்வொன்றாகப் பார்த்தார். காம்புகள் சிவந்து, நீண்டு, ஈரமாக இருந்தன. அவர் புருவம் சுருங்கியது.

"எதையாவது விட்டு வெச்சிருக்கீங்களா?"

"ஒண்ணும் இல்ல டாக்டரம்மா" என்றேன் நான்.

"யாரோ குடிக்கிறாங்களே."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

மறுநாள் மதியம். அண்ணனும் அண்ணியும் சாப்பிட மேலே போயிருந்தார்கள். நான் ஒரு மெத்தை உறையின் ஓரத்தை முடித்துவிட்டு மிஷினை நிறுத்தினேன். மிஷின் நின்றதும் பட்டறையில் எப்போதும் ஒரு நிமிஷம் காது அடைத்துக்கொள்ளும். அது விலகியபோது அந்தச் சத்தம் கேட்டது. சப்புக் கொட்டுவது போன்ற சின்னச் சத்தம். விட்டு விட்டு, அவசரமில்லாமல், சோபாவுக்குள்ளிருந்து.

மேனேஜர்தான் உள்ளே இருந்து தன்னையே நக்கிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். ஆறுதலாகத்தான் திரும்பினேன். மேனேஜர் வாசலில் படுத்திருந்தாள், வெயிலில் கால் நீட்டி.

நான் எழுந்து சோபாவை நோக்கிப் போனேன். சத்தம் நின்றது. மேனேஜர் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து என் பின்னாலேயே வந்தாள். பிடிக்காதவர்கள் பின்னால் வருவாளே, அந்த நடை. என்னைப் பார்த்து அவள் அப்படி நடந்ததே இல்லை. நான் கையை உள்ளே விட்டுப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பயம்தான், வேறென்ன? படியேறி மேலே போய் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

"உங்களுக்கு ஏதாவது சத்தம் கேட்டுச்சா அண்ணி, கீழ சோபாகிட்ட?" என்று கேட்டேன்.

"பழைய ஸ்பிரிங், அப்பப்ப முனகும்" என்றார் அண்ணி. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அண்ணன் தட்டிலிருந்து தலையே தூக்கவில்லை.

அந்த வாரத்தில் மேனேஜர் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். ஒரு பாத்திரம் வைத்தால் ஒரு பாத்திரம், பக்கெட் வைத்தால் பக்கெட். சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். போனில் கேட்டதும் டாக்டரம்மாவின் குரல் மாறியது. "உடனே தூக்கிட்டு வாங்க. இனிமே பால் வத்தறதுக்கெல்லாம் காத்திருக்க முடியாது. சீழ் பிடிச்சிருக்கும்னு பயப்படறேன்."

அவள் சோபாவுக்குள் இருந்தாள். அண்ணனும் நானும் சோபாவைப் பின்பக்கமாகச் சாய்த்தோம். அடித்துணியில் ஒரு கிழிசல் இருந்தது. அதன் வழியாகத்தான் அவள் உள்ளே போய்வந்திருக்கிறாள். நான் கையை விட்டு அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். கடித்தாள். குட்டியாக வந்த நாளிலிருந்து யாரையும் கடிக்காதவள் என் மணிக்கட்டைக் கவ்விப் பிடித்தாள். அழுத்திக் கடிக்கவில்லை. ஆனால் விடவும் இல்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. அழுதுகொண்டேதான் இழுத்தேன்.

அவள் வெளியே வந்ததும் என் கண் அந்தக் கிழிசலில் நின்றது. அதன் ஓரம் உள்பக்கமாக மடித்து, சின்னச் சின்னத் தையலாக அழகாக முடிக்கப்பட்டிருந்தது. நாய் கிழிக்கும். மடித்துத் தைக்குமா?

உள்ளே எட்டிப் பார்த்தேன். பஞ்சு மெத்தையில், கருஞ்சிவப்பு வெல்வெட்டில், உருண்டையாகச் சில முதுகுகள்.

"அண்ணா!"

அவன் மேனேஜரை மார்போடு அணைத்துக்கொண்டு வண்டிக்கு ஓடிக்கொண்டிருந்தான்.

சோபா ஏற்றும் வண்டியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து, அவளை மடியில் போட்டுக்கொண்டுதான் சொன்னான். "வெறும் தரையை நக்கிட்டு இருந்தா. பாக்க சகிக்கல. அதான் வெல்வெட் துண்டுல நாலு தைச்சு வெச்சேன். எவ்வளவு சந்தோஷப்பட்டா தெரியுமா? அது இப்படி ஆகும்னு எனக்கு..."

"டாக்டரம்மா அவ்வளவு சொன்னாங்களே! தலையாட்டினியே!"

"தப்புத்தான்."

"தப்பா? நீயே அவளைக் கொன்னுட்டேடா!"

அண்ணனை வாழ்க்கையில் ஒருமுறைகூட 'டா' போட்டதில்லை. வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த அண்ணி திரும்பிப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

ஆபரேஷன் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு இருந்தது. மட்டமான ரெக்சின், ஓரத்தில் பிய்ந்து ஃபோம் தெரிந்தது. அதைப் பிய்த்துக்கொண்டே மூவரும் உட்கார்ந்திருந்தோம். ஒருவழியாக டாக்டரம்மா முகமூடியைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"பொழைச்சிட்டா. கர்ப்பப்பை பூரா சீழ். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா எனக்கு வேலையே இருந்திருக்காது." அண்ணன் முகத்தைப் பொத்திக்கொண்டான். அண்ணன் தைத்துவைத்த பொம்மைகளைப் பற்றி நான் சொன்னேன். அவர் அண்ணனைப் பார்த்த பார்வையில் திட்டு எல்லாம் இருந்தது. "அவ வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி அதுல ஒண்ணுகூட இருக்கக் கூடாது. பார்த்தா மறுபடி பால் ஊறும். மறுபடி போய்ப் படுப்பா, காயம் பிரியும். இந்தத் தடவை உடம்புல தெம்பு கிடையாது. தாங்க மாட்டா."

அவளை அங்கேயே விட்டுவிட்டு பட்டறைக்குத் திரும்பினோம். அண்ணன் சோபாவுக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து என் வெட்டு மேசையில் வைத்தான். நன்றாகத்தான் தைத்திருந்தான் பாவி. மடக்கிய கால்கள், சின்ன வால், காதுக்கு ஒரு மடிப்பு. வாய் இருக்கவேண்டிய இடங்கள் காய்ந்து விறைத்திருந்தன. தையல் பிரிக்கும் கத்தியால் ஒவ்வொன்றின் வயிற்றையும் பிரித்தான், பஞ்சைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் போட்டான். நாலாவது முடிந்ததும் கத்தியைக் கீழே வைத்தான்.

"உள்ள இன்னொண்ணு இருக்கே" என்றார் அண்ணி.

"இல்ல. நான் நாலுதான் தைச்சேன்."

அண்ணி அதை எடுத்து மேசையில் வைத்தார். அதே கருஞ்சிவப்பு. மற்றவற்றைவிடச் சின்னது. வயிறு மட்டும் உப்பியிருந்தது.

"எண்ணாமத் தைச்சிருப்ப" என்றேன்.

"நாலுதாம்மா. வெல்வெட்டே நாலுக்குத்தான் இருந்துச்சு."

நான் அதைக் கையில் எடுத்தேன். மற்ற நாலும் அவள் போனபிறகு ஆறிச் சில்லிட்டுப் போயிருந்தன. இது வெதுவெதுப்பாக இருந்தது. திருப்பிப் பார்த்தேன், தையலைத் தேடினேன். பஞ்சு அடைத்த எதற்கும் கடைசியில் மூடிய ஒரு வாய் இருக்கும். தலையணையோ சோபாவோ, எவ்வளவு கெட்டிக்காரன் தைத்தாலும் பஞ்சு போன வழியை வெளியிலிருந்துதான் மூடியாகவேண்டும். அந்தத் தையலை என் விரல் இருட்டில்கூடக் கண்டுபிடிக்கும். இதில் அது இல்லை. ஓரத் தையல் இல்லை. இணைப்பே இல்லை. விளக்கின் கீழே காதிலிருந்து வால் வரை விரலால் தடவிப் பார்த்தேன். ஒரே துணி, சுற்றிலும்.

அழுத்தினேன். வெல்வெட் நனைந்து விரலில் ஒட்டியது. முகர்ந்தேன். பால்.

அண்ணன் கத்தியை என் பக்கம் நகர்த்தினான். "நீ பண்ணு. நீதானே ஆரம்பத்துலேர்ந்து வெட்டு வெட்டுன்னு சொன்னே."

கத்தியை எடுத்தேன். அதன் வயிற்றில் முனையை வைத்தேன். கை வரவில்லை. இத்தனை வருஷமாக ஆயிரம் மெத்தைகளின் வயிற்றைக் கிழித்த கை அது. "நான் பாத்துக்கிறேன், நீங்க போங்க" என்றேன். அவர்கள் படியேறியதும், மேல் அலமாரியில் துணி உருளைகளுக்குப் பின்னால் அதை வைத்தேன்.

மேனேஜர் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு, வயிற்றில் கட்டோடு வந்து சேர்ந்தாள். வந்ததும் சோபா பக்கம் போகவில்லை. நேராக அலமாரியின் கீழே வந்து நின்றாள். மேலே பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. கொடுத்தால் அவள் சாவாள், அது எனக்குத் தெரியும். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. அவள் திரும்பி, கூம்பு கதவில் இடிபட, வாசலுக்குப் போய்ப் படுத்தாள்.

அவள் மடி வற்ற ஆரம்பித்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டார்.

மதியங்களில்தான் கேட்கும். சப்புக் கொட்டும் சத்தம் இல்லை இப்போது. மெல்லிய முனகல், துணி உருளைகளுக்குப் பின்னாலிருந்து. ஒரு நாள் அது கேட்க ஆரம்பித்ததும் அண்ணி எழுந்து போய் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவைத்தார். அலமாரியில் எலி என்றார். சரி என்றான் அண்ணன். எலிப்பொறி வைக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

கடைப்பாலைச் சூடாக்கி, ஏணியில் ஏறி, விரலால் தொட்டு வைத்துப் பார்த்தேன். துணி நனைந்தது, அவ்வளவுதான். உறிஞ்சவில்லை. கீழே இறங்கும்போதெல்லாம் மேனேஜரின் முதுகு எனக்குத் தெரியும், வாசலில், தெருவைப் பார்த்தபடி. இரண்டில் ஒன்று என்று நான்தான் முடிவு செய்தேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை.

அது இளைத்தது. முதலில் வயிறு, பிறகு கால்கள். கையில் எடுத்தால் முந்தினதைவிட லேசாக இருக்கும். சூடும் குறைந்துகொண்டே வந்தது. முனகல் நின்ற மதியம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது, ஏனென்றால் அண்ணி போய் ரேடியோவை அணைத்தார்.

ஏறி எடுத்தேன். தட்டையான வெல்வெட், இரட்டை மடிப்பு. உள்ளே ஒன்றும் இல்லை. பஞ்சு வெளியே போக ஓட்டை எங்கேயும் இல்லை. தையலும் இல்லை. ஏணியின் அடியில் உட்கார்ந்து அழுதேன், மானம் மரியாதை இல்லாமல், வாய்விட்டு.

மேனேஜர் எழுந்து வந்தாள். அன்று காலையில்தான் அவளுடைய கூம்பைக் கழற்றியிருந்தோம். என் கையிலிருந்து அதை வாயால் வாங்கிக்கொண்டாள். டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்து பிடுங்கப் போனேன். அண்ணன் என் தோளைப் பிடித்து நிறுத்தினான். அவள் அதை வாசலுக்குக் கொண்டுபோய் விரித்து, அதன்மேல் படுத்து, அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள்.

நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிப் பார்த்தேன். காம்புகள் சுருங்கிக் காய்ந்திருந்தன. பால் இல்லை. நடுவில் நீளமாக, ரோமம் மழித்த இடத்தில், டாக்டரம்மா மூடிய தையலின் தழும்பு மட்டும் விரலுக்குத் தட்டுப்பட்டது.